உபதேசியாரம்மாவுக்கு ஜெபம் வராது

எனக்கு வாய் நீளம். பிறந்த வீட்டில் சொன்னார்கள், சேலத்தில் போர்டிங் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், கல்யாணமாகி முதல் மாதமே என் வீட்டுக்காரரும் சொன்னார். கடத்தூர்ச் சந்தையில் என் தலையைக் கண்டதும் கத்தரிக்காய்க்காரி கூடையைத் துணியால் மூடிவிடுவாள். நின்று பேச ஆரம்பித்தால் அவளுக்கு அன்றைய வியாபாரம் போய்விடும் என்று பயம். அப்படிப்பட்ட எனக்கு ஒரே ஒரு காரியத்தில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாலு பேர் நடுவில் கண்ணை மூடி ஜெபம் செய்யச் சொன்னால் ஒரு வார்த்தை வராது.

வேறு யாருக்காவது இந்தக் குறை இருந்தால் ஊர் கண்டுகொண்டிருக்காது. நானோ உபதேசியாரின் மனைவி. கடத்தூரிலிருந்து அரூர் போகும் வழியில், ரோட்டை விட்டு உள்ளே நடந்தால் எங்கள் ஊர். கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒரு தெருவுக்குக் காணாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பதும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துவதும் என் வீட்டுக்காரரின் உத்தியோகம். குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். அவர் தர்மபுரியிலிருந்து பண்டிகைக்கும், அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்துக்கும் மட்டும் வந்துபோவார். மற்ற நாளெல்லாம் சபைக்கு உபதேசியார்தான் எல்லாம். உபதேசியாரைக் கட்டிக்கொண்டவள் தலையில், யாரும் கேட்காமலே, பெண்கள் கூட்டம் வந்து விழும்.

வியாழக்கிழமை சாயங்காலம் கூடுவோம். ஒரு பாட்டு, ஒரு வேத வாசிப்பு, அப்புறம் சுற்று ஜெபம். வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி முடித்ததும் பக்கத்தில் இருப்பவள் தொடங்க வேண்டும். பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் ஜெபம் என்று வந்துவிட்டால் சும்மா சொல்லக்கூடாது, கொட்டித் தீர்த்துவிடுவார்கள். எருமைக்குக் கோமாரி, கேழ்வரகுக்கு மழை, கொழுந்தன் பெண்டாட்டியின் வாய்க்கொழுப்பு எல்லாவற்றையும் ஆண்டவரிடம் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோலச் சொல்வார்கள். சபை மூப்பரின் மனைவி ஆரம்பித்தால், அடுப்பில் களி வைத்துவிட்டு வந்தவர்கள் கதி அதோகதி. தெருவிலுள்ள வீடுகளை வரிசையாக ஆசீர்வதித்து, கலெக்டரை ஆசீர்வதித்து, ராஜாவை ஆசீர்வதித்து, கடலில் போகிற கப்பல்களுக்கெல்லாம் பாதுகாப்புக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்துவார். அது யுத்த காலம். அவருடைய ஒரே மகன் தை மாதம் கல்யாணம் ஆனவன், ஆடியில் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லைப் பக்கம் போயிருந்தான். (முழுசாகத் திரும்பி வந்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பிள்ளை பெற்று, எங்கள் பள்ளிக்கூடத்தை நிரப்பினான். அது பிற்பாடு.) கப்பல்களில் அவருக்கு அக்கறை வந்த காரணம் அதுதான். எங்களுக்கும் தெரியும். களி அடிப்பிடித்தாலும் யாரும் முணுமுணுக்க மாட்டோம்.

மூப்பரம்மாவுக்கு அடுத்து நான். தொண்டையைச் செருமுவேன். "பரம பிதாவே" என்பேன். அதோடு சரி. "ஆமென்" என்று அவசரமாகச் சொல்லி அடுத்தவள் பக்கம் தள்ளிவிடுவேன். முதலில் வெட்கம் என்று நினைத்தார்கள். பிறகு படித்த திமிர் என்றார்கள். அப்புறம் ஒரு முடிவுக்கு வந்து, கிணற்றடியில் என் காதுபடவே சொன்னார்கள்: "உபதேசியாரம்மாவுக்கு ஜெபம் வராதுங்க."

வீட்டுக்காரர் பாவம், அழகான ஜெபம் ஒன்று எழுதிக் கொடுத்தார். மனப்பாடம் செய்தேன். இரண்டு வரி சொல்வதற்குள் அவர் குரலிலேயே சொல்வதுபோல இருந்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜெபத்தின் நடுவில் சிரித்த உபதேசியாரம்மா என்று இன்னொரு பேரும் சேர்ந்தது.

"கடவுள் உன் எதிர்ல உக்காந்திருக்கறாருன்னு நெனச்சுக்கிட்டுப் பேசேன்" என்றார் வீட்டுக்காரர்.

"எதிர்ல உக்காந்திருந்தா பேசமாட்டேனாங்க? கண்ண மூடச் சொல்றீங்க. மூடுனா இருட்டுத்தான் இருக்குது. இருட்டுகிட்ட என்னத்தப் பேசறது?"

அவர் எழுந்து விளக்குத் திரியைத் தூண்டினார். பதில் தெரியாதபோது பேசாமல் இருப்பார். அவரிடம் எனக்குப் பிடித்த குணங்களில் அது ஒன்று.

எங்கள் கோவில் அப்போதுதான் கட்டி முடிந்திருந்தது. அதற்கு முன் கூரைக் கொட்டகைதான். கல் அஸ்திவாரம், மண் சுவர், மேலே நாட்டு ஓடு. மூப்பர் தன் வண்டியிலேயே கல் ஏற்றி வந்து கொடுத்தார். பெண்கள் மண் மிதித்தோம். கொட்டகையில் இருந்தபோது திருவிருந்து மேசைக்குப் பின்னால் சீமையிலிருந்து வந்த ஒரு வர்ணப் படம் தொங்கும். கறையான் பாதி, மழை பாதி தின்று அது போய்விட்டது. இன்னொன்று கேட்டு எழுதிப் பார்த்தோம். யுத்தத்தில் கப்பல் வராது என்று சொல்லிவிட்டார்கள். புதுக் கோவிலின் முன்சுவர் வெறும் மண்ணாக, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷ மழையெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு வியாழக்கிழமை. மூப்பரம்மா முடித்தார். என் முறை. "பரம பிதாவே" என்றேன். அவ்வளவுதான். வட்டத்தில் யாரோ ஒரு சின்னப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். கண்ணைத் திறந்துவிட்டேன். நேர் எதிரே அந்த வெறுஞ்சுவர்.

"எனக்கு வாயால வராதுங்க" என்றேன். "அந்தச் சுவத்துல படமா எழுதறேன். கிறிஸ்மஸ்க்குள்ள எழுதி முடிக்கறேன். அதுதான் என்னோட ஜெபம். அதுக்கப்புறம் வியாழக்கெழம வியாழக்கெழம என்னக் கேக்கக் கூடாது."

மூப்பரம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். "என்னத்த எழுதுவ?"

"இயேசு பொறந்தத."

"எழுது. பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது. போர்டிங்கில் சிலேட்டுக்குப் பின்பக்கம் குருவியும் வாத்தியாரம்மாவின் மூக்கும் வரைந்ததுதான் என் படிப்பு. ஆள் உயரத்துக்கு எதையும் எழுதியதில்லை. இது போதாதென்று மறுநாள் மூப்பர் வீட்டுக்கே வந்துவிட்டார். மெலிந்த, நிமிர்ந்த மனுஷர். சத்தம் போட மாட்டார். அதனாலேயே பயமாக இருக்கும்.

"உபதேசியாரே, சுவத்துல எழுதி வெச்சுக் கும்புடறத வுட்டுட்டுத்தான் எங்கப்பாரு இந்த வேதத்துக்கு வந்தாருங்க. மறுபடியும் சுவத்துல எழுதினா, நாங்க எங்க வந்து சேந்திருக்கறோம்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. வீட்டுக்காரர் பொறுமையாகப் பேசி ஒரு சமாதானம் செய்தார். நான் எழுதுவது. கிறிஸ்மஸ் அன்று ஐயர் வந்து பார்ப்பது. ஐயர் வேண்டாம் என்றால் ஆராதனை முடிந்த கையோடு வெள்ளையடித்துவிடுவது. மூப்பர் சம்மதித்தார். நானும் தலையாட்டினேன்.  எனக்கு இருந்தது ஒரே ஒரு ஜெபம். அதற்கும் சுண்ணாம்பு பூசிவிட்டால், அந்த வட்டத்தில் ஆயுசு முழுக்க "ஆமென்" மட்டும் சொல்கிறவளாகவே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வர்ணத்துக்கு எங்கே போவது? கடையில் நீலப் பவுடர்கூடக் கிடைக்காத காலம். செம்மண் இருந்தது. அடுப்புக் கரி இருந்தது. அவரை இலைச் சாறு பச்சைக்கு. சாயக்காரர் ஒருவரிடம் கெஞ்சிக் கொஞ்சம் அவுரி நீலம் வாங்கினேன். மஞ்சளுக்கு மஞ்சள். எல்லாவற்றுக்கும் கருவேலம் பிசின். ஈச்ச மட்டையின் நுனியை நசுக்கித் தூரிகை. முதலில் எங்கள் வீட்டுப் பின்சுவரில் எழுதிப் பழகினேன். அது வெள்ளை மண் பூசிய சுவர். மஞ்சள் அதில் அப்படிப் பளிச்சென்று எரிந்தது. குழந்தையைச் சுற்றி ஒரு பெரிய வெளிச்ச வட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, எனக்கே தலைகால் புரியவில்லை.

பின்சுவர் என்றால் பாதையோரம். பார்க்காமல் யாரும் போவதில்லை, பார்த்துவிட்டுப் பேசாமலும் யாரும் போவதில்லை.

"ஏம்மா, இது பெத்தவளா?" மூப்பரம்மாதான் ஆரம்பித்தார். மரியாளுக்கு நான் அழகாகப் பின்னல் போட்டுப் பூ வைத்திருந்தேன். "பச்ச ஒடம்புக்காரி இப்படித் தலையத் தொறந்து போட்டுக்கிட்டா உக்காருவா? அதுவும் மார்கழிப் பனியில. காதுல காத்துப் பூந்து சன்னி வந்துரும். துணியக் கட்டு மொதல்ல."

மரியாளின் தலையைச் சுற்றிக் காதோடு சேர்த்துத் துணி கட்டினேன். எங்கள் ஊர்ப் பச்சை உடம்புக்காரி அப்படியே வந்துவிட்டாள். எனக்கே ஆச்சரியம்.

"இந்தாளு என்னத்துக்குங்க கையக் கட்டிக்கிட்டு நிக்கறாரு?" என்று யோசேப்பைக் காட்டிக் கேட்டாள் இன்னொருத்தி. "வெந்நி வெக்கச் சொல்லுங்க."

யோசேப்பு விறகு பிளக்கத் தொடங்கினார். பக்கத்தில் மூன்று கல் அடுப்பு, மேலே பானை. மாட்டுத் தொட்டியில் கேழ்வரகுத் தாள் விரிக்கச் சொன்னார்கள். நெல் வைக்கோல் குத்தும் என்று சொன்னவள் வீட்டில் நெல்லே விளையாது. மேய்ப்பர்களுக்குக் கருப்புக் கம்பளி. தூதர்களுக்கு இறக்கை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை, கொக்குதான் நல்லது என்று ஏகமனதாக முடிவானது. நட்சத்திரம் பார்த்துக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். "கெழக்குன்னா அரூர்ப் பக்கமாத்தானே வரணும்?" என்றாள் அந்தச் சிரித்த பெண். ஒட்டகம் எனக்கு வரவில்லை. எத்தனை தடவை எழுதினாலும் கூன் விழுந்த கழுதையாகவே நின்றது. கடைசியில் சாஸ்திரிகளை இரட்டை மாட்டு வண்டியில் ஏற்றி அரூர் ரோட்டில் வரவழைத்தேன். ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை.

அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்குச் சந்தோஷம் பொங்கும். கையெல்லாம் செம்மண். களி கிண்டும்போது சட்டியில் கொக்கு இறக்கை தெரியும். ஒரு கோட்டை இழுக்கும்போது, அந்தக் கோடு சரியாக வந்து உட்காரும்போது, பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் போய்விடுவாரோ என்று தோன்றும்.

கிறிஸ்மஸ் வாரம் வந்தது. பழகிய படத்தைக் கோவில் சுவரில் ஏற்றப் போனால், சுவர் பால்போல வெளுத்து நிற்கிறது. வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு ஆண்களும் சேர்ந்து, காதும் காதும் வைத்தாற்போல, கல் சுண்ணாம்பு நீற்றி இரண்டு பூச்சு பூசி வைத்திருந்தார்கள். மண் சுவரில் போய் எழுதுவாளே, நல்ல வெள்ளையில் எழுதட்டும் என்று எனக்குச் செய்த உபகாரம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரைத் திட்டாமல் விட்ட ஒரு சில நாட்களில் அது ஒன்று.

செம்மண் நன்றாகப் பிடித்தது. கரி பிடித்தது. நீலமும் பிடித்தது. மரியாள் வந்தாள், யோசேப்பு வந்தார், மாடு வந்தது. பெண்களும் கூடவே வந்தார்கள். மாட்டுக்குக் கொம்பு வளையலாமா, பானைக்கு மூடி வேண்டாமா, தூதருக்கு மூக்குத்தி உண்டா. கடைசியாக மஞ்சள் ஒன்றுதான் பாக்கி. குழந்தையைச் சுற்றிய வெளிச்சம். அதுதான் படத்துக்கு உயிர். அதை மட்டும் தனியாக இருந்து போட ஆசைப்பட்டேன். "போதும், எல்லாரும் வூட்டுக்குப் போங்க" என்று விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அத்தனை நாள் வேண்டாத புத்தி எல்லாம் சொன்னவர்கள், வேண்டிய ஒரே புத்தியைச் சொல்ல ஒருத்திகூட இல்லாமல் போனது அப்படித்தான்.

ஒரு சட்டி நிறைய மஞ்சளை அரைத்துக் குழைத்து வைத்திருந்தேன். தூரிகையைத் தோய்த்துக் குழந்தையின் தலைக்கு மேல் ஒரு பெரிய வளைவாக இழுத்தேன். மஞ்சளாகத்தான் போனது. கண்ணிமைப்பதற்குள் சிவந்தது. விரலில் வெட்டுப்பட்டு ரத்தம் கலந்துவிட்டதோ என்று கையைப் பார்த்தேன். விரல் நன்றாக இருந்தது. இன்னொரு கோடு இழுத்தேன். அதுவும் சிவந்தது. மேலே மேலே மஞ்சளைப் பூசினால் மூடிவிடலாம் என்று அள்ளி அப்பினேன். அப்ப அப்பக் குங்குமமாகக் குழம்பி, தொட்டியைச் சுற்றி ஒரு பெரிய சிவப்பு வட்டம் ஈரமாக மினுங்கியது.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. ஆறு வயதில் போர்டிங்குக்குப் போனவள் நான். அங்கே சுளுக்குப் பிடித்தால் மஞ்சள் சுண்ணாம்புப் பற்றுப் போட மாட்டார்கள், புட்டி மருந்து தடவுவார்கள். ஆரத்தி என்ற பேச்சே கிடையாது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஐயோ ஆண்டவரே" என்று நான் போட்ட சத்தத்தில், போகாமல் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.  அந்தக் கூட்டம் வாய் மூடி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

"ஆலாத்தி" என்றாள் ஒருத்தி, மெதுவாக.

அவர்கள் சொல்லித்தான் எனக்கு விஷயம் விளங்கியது. எங்கள் சபையில் ஆரத்தி கிடையாது. முந்தைய தலைமுறை விட்டுவிட்டது. விட்டது விட்டதாகவே இருக்க வேண்டும் என்று காவல் காத்தவர் மூப்பர். தன் மகன் மருமகளோடு வாசலில் வந்து நின்றபோது, தட்டில் ஆரத்தி கரைத்து எடுத்து வந்த மூப்பரம்மாவை அத்தனை பேர் முன்னாலும் நிறுத்தி, தட்டைச் செடிக்கு ஊற்ற வைத்தாராம். அந்த மூப்பர் நாளை மறுநாள் கோவிலுக்குள் நுழைந்து பார்க்கப்போவது, திருவிருந்து மேசைக்குப் பின்னால், ஆள் உயர ஆரத்தி.

நான் மூலையில் கிடந்த பூச்சுக் கரண்டியை எடுத்துச் சுரண்டப் போனேன். மூப்பரம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுடு."

"சுரண்டிட்டு மறுபடியும் வெள்ளையடிச்சு..."

"வுடுன்றன்ல." கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். அவர் பார்வை சுவரை விட்டு நகரவில்லை. "எம் மவனுக்கு எடுக்க வுடல. அவன் போயி இத்தன மாசமாச்சு, நான் அதயேதான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கறன். ஒண்ணும் எடுக்காம, கண்ணு கழிக்காம அனுப்பிட்டமேன்னு." கரண்டியைக் கீழே வைத்தார். "இந்தப் புள்ளைக்காவது எடுத்தாச்சு. அப்படியே இருக்கட்டும்."

அப்புறம் வீட்டுக்குப் போய், ஒரு பெரிய ஜமுக்காளத்தை எடுத்து வந்து சுவர் முழுக்க மறைத்துக் கட்டச் சொன்னார். "ஐயரு வந்துதான் பாக்கணும். அதுக்கு முன்னால எங்க வூட்டுக்காரரு கண்ணுல பட வேணாம்." ஜமுக்காளத்தைப் பார்த்த மூப்பர், திறப்பு விழா மாதிரி மரியாதையாகச் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

கிறிஸ்மஸ் காலையில் ஐயர் வந்து இறங்கியபோது அவர் வெள்ளை அங்கி அரைக் கருப்பாக இருந்தது. பெட்ரோல் இல்லாமல் கரி போட்டு ஓட்டிய பஸ் ஏற்றத்தில் நின்றுவிட்டதாம். எல்லோரோடும் சேர்ந்து தள்ளியிருக்கிறார். மூக்கிலும் கரி. துடைத்துக்கொள்ளத் தண்ணீர் கொடுத்தபோது, "இருக்கட்டும்மா, ஆட்டு மந்தைக்காரங்க கூட இப்படித்தான வந்திருப்பாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோவில் நிறைந்துவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தரையில் பாய். முதல் பாட்டு முடிந்ததும் என் வீட்டுக்காரர் போய் ஜமுக்காளத்தை இழுத்தார். அது விழுந்தது.

குழந்தைகள்தான் முதலில் சத்தம் போட்டார்கள். மாட்டைப் பார்த்து, வண்டியைப் பார்த்து, கொக்கு இறக்கையைப் பார்த்து. பிறகு பெரியவர்களின் கண் நடுவுக்குப் போனது. சத்தம் அடங்கியது. மூப்பர் எழுந்து நின்றார்.

"ஐயரே" என்றார். அவர் குரல் உயரவில்லை. "இது ஆலாத்திங்க. இத விட்டுட்டு வந்தவங்க நாங்க. இது இங்க இருக்கலாமான்னு நீங்கதான் சொல்லணும்."

ஐயர் சுவரைப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். மரியாளின் தலைக்கட்டைப் பார்த்தபோது அவர் மீசை லேசாக அசைந்ததாக எனக்குத் தோன்றியது. திரும்பி, "எழுதினது யாரு?" என்று கேட்டார். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. "எழுந்து வாம்மா. இது என்னன்னு நீயே சபைக்குச் சொல்லு. கேட்டுட்டு நான் சொல்றேன்."

எழுந்தேன்.  விளக்கம் சொல்வதுதானே, அது எனக்கு வரும் என்று நினைத்துக்கொண்டேன். கூட்டத்தைப் பார்க்க பயமாக இருந்ததால் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"இது நம்ம ஊரு மாட்டுக் கொட்டாய்ங்க" என்று தொடங்கினேன். "அது கேவுருத் தாளு. நெல்லு வைக்கோலு புள்ளைக்குக் குத்தும்ன்னு சொன்னாங்க. அது வெந்நிப் பானை. இவுங்களுக்குக் காதுல காத்துப் போவக்கூடாதுன்னு துணி கட்டியிருக்குது." பின்னால் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. எனக்குத் தைரியம் வந்தது. "அந்தச் செவப்பு நான் வேணும்னு போடலைங்க. மஞ்சளா வெளிச்சம் போடலாம்ன்னுதான் அரைச்சேன். சுண்ணாம்புல பட்டுச் செவந்துருச்சு. எனக்கு ஆலாத்தின்னா என்னன்னே தெரியாது. அப்பறந்தான் கேட்டேன். கல்யாணமாயி வந்தா எடுப்பாங்களாம். புள்ளயத் தூக்கிக்கிட்டு வந்தா எடுப்பாங்களாம். தூர தேசம் போனவங்க திரும்பி வந்தா வாசல்ல நிக்க வெச்சு எடுப்பாங்களாம்."

குழந்தையின் முகம் எனக்கு நேரே இருந்தது. அதற்கு நான் பெரிய கண்களாகப் போட்டிருந்தேன். என்னையே பார்த்தது.

"நீங்க எத்தன தூரத்துல இருந்து வந்தீங்க" என்றேன். "வந்த அன்னைக்கு யாரும் வாசல்ல நிக்கல. தங்க ஒரு வூடு கெடைக்கல. மாட்டுக்கு நடுவுல வந்து படுத்தீங்க. ஒருத்தருகூட வாங்கன்னு கூப்புட்டு ஒரு தட்டு எடுக்கல. நாங்க எடுத்துட்டோம்ன்னு வெச்சுக்குங்க. தெரியாம எடுத்ததுதான், ஆனா எடுத்துட்டோம். எங்க வூட்டுக்கு வந்துட்டீங்க, இனி எங்கயும் போவாதீங்க. இங்க எருமைக்கு நோவு வருது, மழ ஏமாத்துது, யுத்தம் எப்ப முடியும்ன்னு தெரியல. இந்த ஊருல இருந்து தூரமாப் போனவன் ஒருத்தன் இருக்கறான். பனியில எங்க படுத்திருக்கறானோ. அவனுக்கும் யாராச்சும் கொட்டாயில ஒரு எடம் குடுக்கட்டும். ஒரு பான வெந்நி வெச்சுக் குடுக்கட்டும். அவன் திரும்பி வந்து அவுங்கம்மா வாசல்ல நிக்கணும். நீங்க கூட்டிக்கிட்டு வாங்க."

சொல்ல இன்னும் இருந்தது. மூச்சு வாங்கியதால் நிறுத்தினேன். பின்னால் ஓர் அசைவு இல்லை. இத்தனை விளக்கம் சொல்கிறேனே, பார்க்கிறார்களா என்று திரும்பினேன். அத்தனை பேரும் தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் உள்பட. ஐயர் உள்பட. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது.

"என்னங்க இது? படத்தப் பாருங்கன்னு நான் தொண்ட கிழியச் சொல்லிக்கிட்டிருக்கேன், எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

மூப்பரம்மா கண்ணைத் திறக்கவில்லை. கன்னம் மட்டும் நனைந்திருந்தது.

"ஜெபத்துக்கு நடுவுல சண்ட போடாதம்மா" என்றார். "முடிச்சிட்டியா, இன்னும் இருக்குதா? சொன்னா ஆமென் சொல்லிருவோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஆண்கள் பக்கத்திலிருந்து ஓர் ஆமென் வந்தது. உட்காராமல் நின்ற இடத்திலேயே கைகூப்பி, கண்ணை மூடி, மூப்பர் சொன்ன ஆமென். ஐயர் அதற்குப் பிறகுதான் ஆமென் சொன்னார். வெள்ளையடிப்பதைப் பற்றி யாரும் யாரையும் கேட்கவில்லை.